ஒரே திசையில் பார்க்கும் இருவர்

2018 ஏப்ரலில் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டி ராயல்ஸ் பேஸ்பால் அணி, தாரிக் எல்-அபோர் என்ற இளைஞரை ஒப்பந்தம் செய்தது. மூன்று வயதிலேயே ஆட்டிசம் என்று கண்டறியப்பட்டவர். பத்து வயதில்தான் பேஸ்பாலுக்கு வந்தார். அன்றிலிருந்து அவருக்குப் பக்கபலமாக நின்றவர் அம்மா. ராயல்ஸுக்கு அவரைப் பரிந்துரைத்த முன்னாள் வீரர் ரெஜி சாண்டர்ஸின் தம்பிக்கும் ஆட்டிசம் உண்டு.

இந்தக் கதையைச் சொல்லி, 'உங்கள் பிள்ளையும் ஒருநாள் சாதிப்பான்' என்று பெற்றோரைத் தேற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. எல்லாப் பிள்ளைகளும் வீரர்களாக வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும் அப்பாவோ அம்மாவோ இருந்தால், அதுவே பெரிய விஷயம்.

அதற்கு பேஸ்பால் நன்றாகவே இடம் கொடுக்கிறது. அமெரிக்காவின் மேஜர் லீக்கில் ஒரு சீசனில் ஓர் அணிக்கு 162 ஆட்டங்கள். ஏறக்குறைய தினமும் உண்டு. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாவிட்டால் தவித்துப்போகும் பிள்ளைக்கு, மாலையானால் ஆட்டம் என்ற நிச்சயமே பெரிய ஆறுதல். ஸ்கோர் எழுதும் தாள் இன்னொரு வரம். களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் ஆளுக்கொரு எண். '6-4-3' என்று எழுதினால், பந்து ஷார்ட்ஸ்டாப் என்ற களவீரரிடமிருந்து இரண்டாம் பேஸுக்கும் அங்கிருந்து முதல் பேஸுக்கும் போய், இரண்டு பேர் அவுட். மட்டைக்காரர் பந்தை அடிக்க முடியாமல் அவுட்டாகும் 'ஸ்ட்ரைக் அவுட்'டுக்கு 'கே' என்ற ஆங்கில எழுத்து. மட்டையை வீசாமலே அவுட்டானால் அதே எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். அப்பா தப்பாக எழுதினால் பிள்ளை உடனே திருத்துவான். இங்கே பாடம் நடத்துவது அவன்தான்.

'என் முகத்தைப் பார்த்துப் பேசு' என்று ஆட்டம் பார்க்கும்போது யாரும் வற்புறுத்துவதில்லை. இருவர் கண்ணும் களத்தில்தான். கண்ணுக்குக் கண் பார்ப்பது பாரமாக இருக்கும் பிள்ளைகளுக்கு இப்படிப் பேசுவது எளிது.

மைதானத்தின் இரைச்சல் மட்டும் உண்மையான சிக்கல். கிரிக்கெட் சிக்ஸர் போன்ற ஹோம் ரன் விழுந்தால் சில இடங்களில் வாணவேடிக்கையே வெடிக்கும். அதனால்தான் பல மைதானங்களில் இப்போது அமைதி அறைகள் இருக்கின்றன; சத்தத்தைக் குறைக்கும் ஹெட்போன்களும் தருகிறார்கள்.

நம் வீட்டுப் பிள்ளைக்குப் பிடித்தது பேஸ்பாலாக இல்லாமல் பஸ் நம்பராக இருக்கலாம், ரயில் அட்டவணையாக இருக்கலாம். 'போதும், நிறுத்து' என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்.