மாயாற்றங்கரைக் கூட்டுறவுக் கிராமம்

சத்தியமங்கலத்திலிருந்து பவானிசாகர் கடந்து அடர்ந்த காட்டினூடே சென்றால் மாயாறு குறுக்கிடும். அதன் அக்கரையில் உள்ளது தெங்குமரஹாடா. நீலகிரி மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர். நாட்டில் உணவுத் தட்டுப்பாடு நிலவிய காலத்தில், 1948-ஆம் ஆண்டில், அரசினர் குத்தகைக்கு அளித்த வனநிலத்தில் கூட்டுறவு விவசாயச் சங்கம் கண்டு, நெல்லும் வாழையும் விளைவித்தவர்களின் ஊர் இது.

ஆயினும் பல்லாண்டுகளாக ஆற்றைக் கடக்கப் பரிசலே துணை. வெள்ளம் பெருகினால் நோயாளியும் கரையிலேயே காத்திருக்க நேரும். 2013-இல் சத்தியமங்கலம் காடு புலிகள் காப்பகமாயிற்று. பின்னர், குடும்பத்துக்கு ரூ. 15 லட்சம் வழங்கி ஊரையே வேறிடம் மாற்றும் யோசனை எழுந்தது. செல்ல விரும்புவோரும் உளர், தயங்குவோரும் உளர்.

நாம் இதில் கருத வேண்டுவது ஒன்றுண்டு. நிலம் அரசினுடையது, குத்தகை சங்கத்தினுடையது, அங்கத்தினருக்கு உள்ளது சாகுபடி உரிமை மட்டுமே. தனிப் பட்டா இல்லாதவிடத்துச் சங்கப் பதிவேடே முதற் சான்றாகும். பெற்றோர் காலமான பின்னும் அவர்கள் பெயரிலேயே பங்கு இருக்குமாயின், பிள்ளைகள் எதைக் காட்டி உரிமை கோருவர்?

ஆகவே அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் பெயரும் வாரிசு நியமனமும் பதிவேட்டில் செவ்வனே உள்ளனவா என்று இன்றே பார்த்துக்கொள்க. வெள்ளம் வந்தபின் பரிசல் தேடலாகாது.