செயலியில் வங்கிக் கணக்கு 'சிங்க்' ஆகவில்லை - பில் கட்டப்பட்டதா, இல்லையா?

மாதம் பிறந்ததும் பல வீடுகளில் கேட்கும் கேள்வி இது. "கரண்ட் பில் கட்டியாச்சா?"

முன்பு புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் ஏஎக்ஸ்எஸ் இயந்திரம் தரும் ரசீதுதான் அதற்குப் பதில். அப்பா அதை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொள்வார். இப்போது பதில் கைத்தொலைபேசியில் இருக்கிறது. எல்லா வங்கிக் கணக்குகளையும் ஒரே திரையில் காட்டும் செயலியைத் திறக்கிறோம். பச்சை நிறத்தில் 'டிக்' தெரிகிறது. "ஆச்சும்மா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

அந்தச் செயலி மூன்று வாரமாக வங்கியோடு பேசவே இல்லை என்றால்?

திரையில் தெரிவது பழைய இருப்புத்தொகை. அந்த டிக்கும் சில வேளைகளில் செயலியின் ஊகம்தான். பில் தொகைக்கு நெருக்கமான ஒரு தொகை கணக்கிலிருந்து போயிருந்தால், அதுதான் இது என்று அது முடிவு செய்துகொள்ளும். உண்மை என்ன என்பது வங்கிக்கும் பில் அனுப்பிய நிறுவனத்துக்கும்தான் தெரியும்.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்? கடன்பற்று அட்டை பில் என்றால், ஒரு நாள் தவறினாலும் தாமதக் கட்டணம் உண்டு. சிங்கப்பூரில் பல வங்கிகளில் அது சுமார் 100 வெள்ளி. மீதத் தொகைக்கு வட்டி ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கும் அதிகம். தாமதம் கடன் தகவல் அறிக்கையிலும் பதிவாகும். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகளில் பிடிஓ வீட்டுக்குக் கடன் கேட்கப் போகும்போது, அந்தப் பதிவு முன்னால் வந்து நிற்கலாம்.

பார்ப்பது வேறு, கட்டுவது வேறு

'சிங்க்' என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. மற்றொன்று, கணக்கிலிருந்து பணத்தை அனுப்பச் சொல்வது. பார்க்கும் வசதி போனால் கட்டும் வசதியும் போய்விட்டது என்று சிலர் பதறுகிறார்கள். இரண்டாவது முறையும் கட்டிவிடுகிறார்கள்.

கட்டச் சொல்லும் உத்தரவு எங்கே பதிவாகியிருக்கிறது? அதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

ஜைரோ என்றால் உத்தரவு வங்கியிடம் இருக்கிறது. "இந்த நிறுவனம் கேட்கும் தொகையை என் கணக்கிலிருந்து எடுக்கவிடு" என்று நீங்கள் வங்கிக்குக் கொடுத்த அனுமதி அது. செயலியை அழித்தாலும், கைத்தொலைபேசி தொலைந்தாலும் ஜைரோ ஓடிக்கொண்டே இருக்கும் (கணக்கில் காசு இருக்கவேண்டும், அவ்வளவுதான்). வங்கியின் சொந்தச் செயலியில் நீங்கள் அமைத்த மாதாந்தரக் கட்டணமும் அப்படித்தான்.

ஆனால் மூன்றாம் தரப்புச் செயலிக்குள் தேதி குறித்து வைத்த கட்டணம் வேறு. செயலிக்கும் வங்கிக்கும் இடையிலான இணைப்பு அறுந்தால் அந்த உத்தரவும் அங்கேயே நின்றுவிடலாம். பல நேரம் யாரும் போன் போட்டுச் சொல்லமாட்டார்கள்.

ஏன் அறுந்துபோகிறது?

கணக்குகளை ஒன்றுசேர்க்கும் மென்பொருள்களில் பல, தொடக்கத்தில் ஒரு முரட்டு வழியைக் கையாண்டன. உங்கள் வங்கிப் பயனீட்டாளர் பெயரையும் மறைச்சொல்லையும் வாங்கி வைத்துக்கொண்டு, உங்களைப் போலவே வங்கியின் இணையத்தளத்துக்குள் நுழைந்து, திரையில் உள்ள எண்களைப் படித்துக்கொள்ளும். வங்கி தன் பக்கத்தின் வடிவமைப்பை மாற்றினாலே அது தடுமாறும்.

வங்கிகள் பாதுகாப்பை இறுக்கும்போது அந்த வழி அடைபட்டுப்போகும். சிங்கப்பூரில் அதற்குக் காரணம் இருந்தது. 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளால் 790 வாடிக்கையாளர்கள் மொத்தம் 13.7 மில்லியன் வெள்ளியை இழந்தனர். அடுத்த மாதமே சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் கூடுதல் பாதுகாப்பு நடவடிக்கைகளை அறிவித்தன. தனிப்பட்ட வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் குறுஞ்செய்தி, மின்னஞ்சலில் இணைப்புகள் இருக்கக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. 2024 ஜூலையில், மின்னிலக்க டோக்கன் வைத்திருப்போருக்கு ஒருமுறை பயன்படுத்தும் மறைச்சொல் படிப்படியாக நிறுத்தப்படும் என்று அறிவிக்கப்பட்டது. உங்கள் கைத்தொலைபேசியில் நீங்களே ஒப்புதல் கொடுத்தால்தான் கதவு திறக்கும். வெளியிலிருந்து ஒரு மென்பொருள் உங்கள் பெயரில் உள்ளே போவது கடினம். சிங்க் போனது எரிச்சல்தான். ஆனால் மோசடிக்காரனுக்கும் அதே கதவு அடைபட்டிருக்கிறது.

சில வேளைகளில் வங்கி எதையும் மாற்றியிருக்காது. மென்பொருள் நிறுவனமே கடையை மூடிவிடும். மைக்ரோசாஃப்ட் மணி ஒரு காலத்தில் பல வீட்டுக் கணினிகளில் இருந்தது. 2009இல் விற்பனை நின்றது. 2011 ஜனவரியில் அதன் இணையச் சேவைகளும் நின்றன. கணக்கெழுத இலவசப் பதிப்பு ஒன்று கிடைத்தது. ஆனால் வங்கியிலிருந்து தானாகத் தகவல் வருவதும், அதற்குள்ளிருந்தே பில் கட்டுவதும் போயின.

அமெரிக்காவில் பிரபலமான மின்ட் செயலிக்கும் அதே கதி. முதலில் 2018இல் பில் கட்டும் வசதி போனது. 2024 மார்ச் 23ஆம் தேதி செயலியே மூடப்பட்டது. பல ஆண்டுகளாகச் சேர்ந்த செலவுக் கணக்கைப் பயனீட்டாளர்கள் அவசர அவசரமாகப் பதிவிறக்கம் செய்யவேண்டியிருந்தது.

விதிமுறை மாறினாலும் இப்படி ஆகலாம். லிட்டில் இந்தியாவில் வேலை பார்க்கும் பலருக்கு இந்திய வங்கி அட்டையும் உண்டு. அவர்களுக்கு நினைவிருக்கும், 2024 ஜூலை முதல் தேதி. கடன்பற்று அட்டை பில்களை மூன்றாம் தரப்புச் செயலிகள் வழியாகக் கட்டினால், பாரத் பில் பேமெண்ட் கட்டமைப்பு மூலமாகத்தான் போகவேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி விதித்திருந்தது. அந்த நாளில் சில பெரிய வங்கிகள் அதில் இன்னும் சேரவில்லை. அதுவரை ஒரே தட்டலில் கட்டி வந்தவர்கள் வங்கியின் இணையத்தளத்துக்கோ செயலிக்கோ திரும்பவேண்டியிருந்தது.

சிங்கப்பூரில் நிலைமை என்ன?

இங்கே எஸ்ஜிஃபின்டெக்ஸ் என்ற தேசிய அளவிலான ஏற்பாடு இருக்கிறது. 2020 டிசம்பரில் தொடங்கியது. மறைச்சொல்லை யாரிடமும் கொடுக்கவேண்டாம். சிங்பாஸ் வழியாக நுழைந்து, எந்த வங்கியின் தகவல் வேண்டும் என்று நீங்களே அனுமதி தருகிறீர்கள். மத்திய சேம நிதி, வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் கடன், வருமான வரி விவரங்களும் சேர்ந்து வரும். 2021இல் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையின் மத்திய வைப்புக் கணக்கும் இணைந்தது.

இரண்டு விஷயங்களை மட்டும் மறக்கவேண்டாம். ஒன்று, இது பார்க்க மட்டுமே. எஸ்ஜிஃபின்டெக்ஸ் மூலம் எந்த பில்லும் கட்டமுடியாது. இரண்டு, அனுமதிக்குக் காலவரம்பு உண்டு. ஏற்பாடு தொடங்கியபோது அது ஓராண்டு. காலம் முடிந்தால் இணைப்பு தானாக நின்றுவிடும். எதுவும் கெட்டுப்போகவில்லை, உங்களிடம் மறுபடி கேட்கிறார்கள், அவ்வளவே. அந்த ஏற்பாடு எரிச்சலாகத் தோன்றலாம். எனக்கு அது சரியாகவே படுகிறது. ஐந்து வருஷத்துக்கு முன் எந்தச் செயலிக்கு என்ன அனுமதி கொடுத்தோம் என்று நம்மில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்?

வங்கியின் கணினியே முடங்குவதும் உண்டு. 2023 அக்டோபர் 14, தீபாவளிக்கு ஒரு மாதம் இருந்த சனிக்கிழமை. தரவு நிலையத்தின் குளிரூட்டும் கட்டமைப்பில் ஏற்பட்ட கோளாற்றால் டிபிஎஸ், சிட்டி வங்கிகளின் சேவைகள் தடைபட்டன. சுமார் 2.5 மில்லியன் கட்டண, ஏடிஎம் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை. அப்படிப்பட்ட நாளில் செயலியைக் குறைசொல்லிப் பயனில்லை. பர்ஸில் பத்து வெள்ளி நோட்டு இருந்தால் தேக்காவில் சாப்பாடாவது கிடைக்கும்.

நின்றுவிட்டால் என்ன செய்யலாம்?

மறுபடி இணைக்க அவசரப்படவேண்டாம். முதலில் வங்கியின் சொந்தச் செயலிக்குள் போய், ஜைரோ பட்டியலையும் தேதி குறித்த கட்டணங்களையும் பாருங்கள். அதில் இல்லாத பில் எது? அதைத்தான் நீங்கள் இனிக் கவனிக்கவேண்டும். ஜைரோவுக்கு மாற்ற முன்பு தாளில் கையெழுத்திட்டு அனுப்பி மூன்று வாரம்வரை காத்திருக்கவேண்டும். 2021 நவம்பரில் வந்த இ-ஜைரோவில், பங்கேற்கும் நிறுவனங்களுக்குச் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

செயலி மூடப்படப்போகிறது என்று அறிவிப்பு வந்தால், பழைய பதிவுகளை உடனே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ரொம்ப முக்கியமானது இதுதான். "உங்கள் வங்கி இணைப்பு துண்டிக்கப்பட்டது, மீண்டும் இணைக்க இங்கே தட்டவும்" என்று குறுஞ்செய்தி வந்தால் தட்டவேண்டாம். சிங்க் போய்விட்டது என்ற பதற்றம் மோசடிக்காரர்களுக்கு நல்ல தூண்டில். 2024இல் மட்டும் சிங்கப்பூரில் மோசடிகளால் இழந்த தொகை 1.1 பில்லியன் வெள்ளி. செயலியை நீங்களாகத் திறந்து பாருங்கள். சந்தேகம் இருந்தால் 1799 என்ற ஸ்கேம்‌ஷீல்டு எண்ணை அழையுங்கள். மறைச்சொல்லை மூன்றாம் தரப்புக்குக் கொடுக்கக்கூடாது என்று நாணய ஆணையத்தின் மின்கட்டண வழிகாட்டி நெறிமுறைகளும் சொல்கின்றன. கொடுத்துவிட்டுப் பணம் போனால், வங்கியிடம் வாதாடுவது கஷ்டம்.

வீட்டில் பெரியவர்களின் பில்களையும் நீங்கள்தான் கவனிக்கிறீர்களா? பாட்டியின் சிங்பாஸை வாங்கி உங்கள் போனில் இணைத்துவைப்பது சுலபமாகத் தோன்றும். செய்யவேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய வங்கிச் செயலியை அவரையே திறக்கச் சொல்லி, ஜைரோ பட்டியலைச் சேர்ந்து பாருங்கள். என்றோ நிறுத்திய தொலைபேசிச் சந்தாவுக்குக் கொடுத்த அனுமதி இன்னும் அங்கே இருக்கலாம்.