ஹேமர் தம்பதியரும் எடைக் குண்டும்

சங்கக் கிடங்கைப் பார்வையிடச் செல்லும்போது நாம் முதலில் கேட்பது பேரேட்டை அன்று, எடைக் கற்களையே. இதனை வீண் கெடுபிடியெனக் கருதும் அங்கத்தினர்கள், அமெரிக்காவின் தென்பகுதியில் வாழ்ந்த ஒரு கறுப்பினத் தம்பதியரின் வரலாற்றை அறிதல் நலம்.

மிசிசிப்பி மாகாணத்து ரூல்வில் அருகே பெர்ரி ஹேமரும் அவர் மனைவி ஃபேனி லூ ஹேமரும் ஒரு பருத்திப் பண்ணையில் வாரத்திற்குப் பயிரிட்டனர். விளைவில் பாதி பண்ணையாருக்கு. விதை, உரச் செலவோ குடியானவரின் பாதியிலிருந்து கழிக்கப்படும். கணக்கேடும் பண்ணையார் வசமே. ஆண்டிறுதியில் மிஞ்சுவது பெரும்பாலும் கடன்தான். எழுத்தறிவு பெற்றிருந்த அம்மையார் பண்ணையின் நேரக் கணக்கராக அமர்த்தப்பட்டார். பருத்தி நிறுக்கும் எடைக் குண்டு பொய்யானதெனக் கண்டு, பண்ணையார் காணாத வேளைகளில் சரியான குண்டை மாட்டி நிறுத்தார். (தணிக்கையாளராகிய நமக்கு இதனைக் குறைகூற மனம் வரவில்லை.)

1962 ஆகஸ்ட் 31-ல் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள முயன்றார். அன்றிரவே பண்ணையை விட்டு வெளியேற நேர்ந்தது. அறுவடை முடியும்வரை கணவர் அங்கேயே இருக்கவேண்டுமென்பது பண்ணையாரின் கட்டளை. பதினெட்டு ஆண்டு உழைப்புக்குக் கிடைத்த பயன் இந்தப் பிரிவே.

1969-ல் அம்மையார் ‘சுதந்திரப் பண்ணை’ என்னும் கூட்டுறவை 40 ஏக்கரில் தொடங்கினார். அதன் பன்றி வங்கி நம் கவனத்திற்குரியது. சினைப் பன்றி பெறும் குடும்பம் குட்டிகளை வைத்துக்கொண்டு தாயைத் திருப்பித் தரும். தாய் வேறு வீட்டுக்குப் போகும். மாதச் சந்தா ஒரு டாலர். அதனையும் செலுத்த இயலாதவரே மிகப் பலர். பாக்கி பெருகி, 1970-களின் நடுவில் நிலம் கைவிட்டுப் போயிற்று. 1977-ல் அம்மையார் காலமானார்.