நாற்பதைத் தாண்டிப் பல்லுக்குக் கம்பியா? இதெல்லாம் தெரியுமா உங்களுக்கு!

மகளுக்குக் கிளிப் போடப் பல் டாக்டரிடம் போகிறீர்கள். அவர் உங்கள் வாயையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உங்களுக்கும் போடலாமே சார்" என்கிறார். வீட்டுக்கு வந்து சொன்னால் ஒரே சிரிப்பு: "பேரன் பேத்தி எடுக்கிற வயசுல கம்பியா?" போடலாமா, வேண்டாமா? முடிவு இருக்கட்டும், முதலில் உங்கள் வாய்க்குள் நடக்கும் அதிசயங்களைக் கேளுங்கள்!

பல் எலும்போடு ஒட்டியே இல்லை, தெரியுமா?

வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே ஏறக்குறைய கால் மில்லிமீட்டரே வரும் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. பல் அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது! கம்பி ஒரு பக்கம் அழுத்தினால் அந்தப் பக்கத்து எலும்பைச் சில செல்கள் கரைக்கும். எதிர்ப்பக்கத்தில் வேறு செல்கள் புது எலும்பு கட்டும். ஒரு பக்கம் இடிப்பு, மறுபக்கம் கட்டுமானம். மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் பயணம். ஸ்வீடனின் கார்ல் சாண்ட்ஸ்டெட் 1904-லேயே நாய்களின் பற்களை நகர்த்தி இதைக் கண்டுகொண்டார். இந்த வேலை பதினைந்து வயதிலும் நடக்கும், ஐம்பதிலும் நடக்கும். பெரியவர்களுக்குத் தொடக்கம் கொஞ்சம் மெதுவாக இருக்கும், அவ்வளவுதான்!

பல்லை நகர்த்த எவ்வளவு பலம் வேண்டும், தெரியுமா?

ஒரு பல்லைச் சாய்க்க 35 முதல் 60 கிராம் விசை போதும். மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் 50 கிராம் உதிரி மல்லி வாங்கிக் கையில் வைத்துப் பாருங்கள், அந்தக் கனம்தான்! அழுத்தத்தைக் கூட்டினால் வேலை சீக்கிரம் முடியுமே என்கிறீர்களா? நேர்மாறு! அழுத்தம் கூடினால் நார்ப்படலத்துக்கு ரத்தம் வராது, செல்கள் செத்துப்போகும், பல் கொஞ்ச காலம் அப்படியே நின்றுவிடும்.

கொந்தகைப் பல்லும் உங்கள் பல்லும்!

கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகை ஈமக்காட்டில் கிடைத்த இரண்டு மண்டை ஓடுகளை வைத்து, இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தார் இரு ஆண்களின் முகங்களை உருவாக்கியது 2025-இல் செய்தியானது. சுமார் 2,500 ஆண்டுப் பழமை! முதுமக்கள் தாழிக்குள் பல் இத்தனை காலம் தாங்குவதற்குக் காரணம் எனாமல். உடம்பிலேயே கடினமான பொருள் அதுதான். ஆனால் அதில் உயிருள்ள செல் இல்லை. போனால் திரும்ப வளராது. எலும்போ சாகும்வரை தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஐம்பது வயதிலும் பல் நகர்கிறது. எனாமலோ வளராது, அதனால்தான் கம்பியைச் சுற்றி அழுக்குச் சேர்ந்து அதை அரித்தால், உங்களுக்கு நிரந்தர நஷ்டம்!

சும்மா இருந்தாலும் பல் நகரும்!

"இருபதில் நேராக இருந்த கீழ் முன்பற்கள் இப்போது ஏன் நெருக்கியடிக்கின்றன?" உங்களுக்கு மட்டுமல்ல, வயதாக ஆகப் பெரும்பாலானோருக்குக் கீழ்வரிசை இடம் குறுகும். ஆனால் மேல் முன்பற்கள் விசிறியாக விரிந்து, இல்லாத இடைவெளி புதிதாக வந்தால் உஷார்! பெரும்பாலும் அது ஈறு நோயால் எலும்பு கரைவதன் அடையாளம். அந்த நிலையில் நேரே கம்பி மாட்டினால், எலும்புத் தேய்மானம் இன்னும் வேகமாகும். முதலில் ஸ்கேலிங், ஈறு சிகிச்சை. ரத்தக் கசிவு அடங்கிய பிறகே கம்பி. எலும்பு குறைந்திருந்தாலும், நோய் கட்டுக்குள் இருந்தால் இன்னும் மெல்லிய விசையில் நகர்த்தலாம் என்பதுதான் பெரிய ஆச்சரியம்!

சர்க்கரைக்கும் பல்வரிசைக்கும் என்ன சம்பந்தம்?

இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி என்றது 2023-இல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு. சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு வீங்கும், எலும்பு கரையும். மூன்று மாத சராசரி அளவைக் காட்டாமல் கம்பிப் பேச்சே எடுக்க வேண்டாம். மாதவிடாய் நின்ற அம்மாக்களுக்கு இன்னொரு சேதி: எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் அலெண்ட்ரோனேட் போன்ற மாத்திரைகள், எலும்பைக் கரைக்கும் அந்தச் செல்களையே முடக்குபவை. பல் அசையவே அசையாமல் போகலாம்! டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வேர் சிகிச்சை செய்த பல் நகரும், இம்பிளான்ட் நகராது!

நரம்பு எடுத்த பல்லுக்கும் நார்ப்படலம் அப்படியே இருப்பதால் அது ஜோராக நகரும். இம்பிளான்ட்டோ எலும்போடு நேராகப் பிணைந்தது, இம்மியும் அசையாது! ஆகவே விழுந்த பல்லுக்கு இம்பிளான்ட் வைக்கப் போகிறவர்கள், கம்பி விஷயத்தை முதலில் முடிவு செய்துவிடுவது நல்லது.

ஏவுகணை ஆய்வகத்திலிருந்து ஜிகர்தண்டா வரை!

கம்பியில் பெயர்பெற்ற நிக்கல்-டைட்டானியக் கலவை, அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் ஏவுகணை மூக்குக்காகத் தேடியபோது வில்லியம் பியூலர் கையில் சிக்கியது! 1961-இல் ஒரு கூட்டத்தில், மடித்து வைத்த அந்தக் கலவைத் துண்டின் அடியில் ஒருவர் புகைக்குழாய் லைட்டரைக் காட்ட, அது சட்டென நிமிர்ந்து பழைய உருவத்துக்கு வந்ததாம். 1970-களில் ஜார்ஜ் ஆண்ட்ரியாசென் அதைப் பல்லுக்குக் கொண்டுவந்தார். சூட்டுக்கு விறைக்கும் ரகத்தில், சூடான நல்லி சூப் பட்டால் கம்பி இறுகும். கீழவாசல் ஜிகர்தண்டா பட்டால் தளரும்! இறுக்கிய அன்று வலி சற்றே குறைய ஜில்லென்று ஒரு மடக்கு போதும். ஆனால் அதன் சர்க்கரையை உடனே கொப்பளித்து விடுங்கள். கரும்பு, கடலை மிட்டாய், சோழவந்தான் வெற்றிலையோடு போகும் கொட்டைப்பாக்கு: மூன்றும் கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டிய பிராக்கெட்டைப் பிடுங்கிவிடும்!

கம்பி தெரியாமலும் போடலாமே!

ஏவுகணையின் அகச்சிவப்புக் கருவிகளைக் காத்த ஒளி ஊடுருவும் பீங்கான், 1987-இல் பல்நிறப் பிராக்கெட்டாக வந்தது. அதற்கு முன்பே, 1970-களில், மோதும்போது உதடு கிழியாதிருக்கத் தற்காப்புக் கலைஞர்களுக்காகப் பல்லின் உட்புறத்தில் கம்பி கட்டினார் ஜப்பானின் கின்யா புஜிதா. வயது வந்த பிறகு கம்பி போட்ட ஜியா சிஷ்டி, 1997-இல் கெல்சி விர்த்தோடு சேர்ந்து கழற்றி மாட்டும் பல் உறையான அலைனருக்கு நிறுவனமே தொடங்கினார்! சீவாளியை உதட்டில் வைத்து ஊதும் நாகஸ்வரக் கலைஞருக்கு, கச்சேரி நேரத்தில் கழற்றும் அலைனர் தோது.

ஆனால் மதுரைக்காரருக்கு ஒரு சோதனை! அலைனரை நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும். நாலு மணி டீக்கும் வடைக்கும், ராத்திரி பதினோரு மணி பரோட்டாவுக்கும் கழற்றி, பல் தேய்த்து, திரும்ப மாட்ட வேண்டும். தூங்கா நகரத்தில் வேளைக்கொரு கொறிப்பு உள்ளவருக்குக் கழற்ற முடியாத கம்பியே லாயக்கு!

முடிந்த பிறகும் முடியாது, தெரியுமா?

சிகிச்சைக்கு வழக்கமாக ஒன்றரை முதல் இரண்டு வருஷம். கம்பியைக் கழற்றிய மறுநாளே பற்கள் பழைய இடத்துக்குக் கிளம்பும்! ஈறு நார்கள் புது இடத்துக்குப் பழக ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். அதற்குப் பிறகும் பற்களை அதே இடத்தில் பிடித்து வைக்க ராத்திரி ரிட்டெய்னர் வேண்டும். அது பிடிக்காதவர் கம்பியே போட வேண்டாம்.

அப்படியானால் முடிவு?

பி.டி.எஸ். மட்டுமல்ல, அதற்கு மேல் பல் சீரமைப்பில் மூன்று வருஷ எம்.டி.எஸ். படித்தவரைப் பாருங்கள். கீழவெளி வீதி சி.எஸ்.ஐ. பல் மருத்துவக் கல்லூரி நம்மூரிலேயே இருக்கிறது. வயதைக் கேட்காதீர்கள், மூன்றே கேள்விகள். ஈறில் ரத்தம் கசிகிறதா? எக்ஸ்ரேயில் எலும்பு எவ்வளவு மிச்சம்? ராத்திரி பல் தேய்க்கும் பழக்கம் உண்டா? மூன்றும் சரி என்றால் தாராளமாகப் போடுங்கள். கடிப்பதற்குத் தொந்தரவில்லை, சுத்தம் செய்யத் தடையில்லை, சிரிக்கக் கூச்சமில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஒன்றும் குடி முழுகாது. ஜப்பானில் இளம்பெண்கள் பல் டாக்டருக்குக் காசு கொடுத்துத் தெத்துப்பல் வைத்துக்கொண்ட காலமும் உண்டு, தெரியுமா?