பணிவிடை செய்வோரின் உடல்நலம்

வீட்டில் ஒருவர் பக்கவாதத்தாலோ ஞாபகமறதி நோயாலோ படுக்கையில் விழுந்துவிட்டால், வைத்தியரும் உறவினரும் அண்டை அயலாரும் அந்தப் படுக்கையைச் சூழ்ந்து நின்று, இன்று எவ்வளவு கஞ்சி இறங்கியது, காய்ச்சல் தணிந்ததா, இரவில் உறங்கினாரா என்றெல்லாம் விசாரிப்பது இயல்பு; ஆயினும் அக்கேள்விகளுக்கு ஒவ்வொன்றாய் விடை சொல்லிக்கொண்டு, கையில் டம்ளரோடு நிற்கின்ற மனைவியையோ மகளையோ மருமகளையோ பார்த்து, "நீ உறங்கினாயா அம்மா?" என்று கேட்பவர் மிகச் சிலரே. தன்னை மறந்து உழைக்கிறாள் என்று அவளை எல்லோரும் புகழ்கிறார்கள். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் அந்தப் புகழ்ச்சியே அவளுடைய சரீரத்தின் தேவைகளைப் பிறர் கண்ணுக்கும் அவள் கண்ணுக்குமே மறைத்துவிடுகிறபடியால், அதைக் குறைத்துக்கொள்வது அவளுக்குச் செய்யும் உபகாரம் என்பது என் அபிப்பிராயம். தம் உடலைப் பேணுவதும் பணிவிடையின் ஓர் அங்கமே என்பதை, நோயுற்ற மனைவியைப் பார்த்துக்கொள்ளும் கணவர்களையும் சேர்த்தே, இங்கே சொல்ல விரும்புகிறேன்.

ஓயாத எச்சரிக்கை

ஹார்வர்டு வைத்தியக் கல்லூரியில் உடலியல் பேராசிரியராயிருந்த வால்டர் கானன் என்பவர், அச்சமும் கோபமும் தோன்றும் தருணங்களில் இதயம் விரைந்து துடிப்பதும், இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதும், ஜீரணம் தடைப்படுவதும், போரிடவோ ஓடித் தப்பவோ சரீரம் செய்துகொள்ளும் ஆயத்தங்களே என்று 1915-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். பிறகு 1936-இல், மாண்ட்ரியால் நகரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஹான்ஸ் செல்யே, குளிர், காயம், கடும் உழைப்பு, விஷமருந்து என்று எலிகளுக்கு இழைத்த துன்பம் எதுவாயினும், அவற்றின் அட்ரீனல் சுரப்பிகள் பெருத்துப் போவதையும் இரைப்பையில் புண் தோன்றுவதையும் கண்டு எழுதினார். சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அச்சுரப்பிகள், அபாயம் நீங்கியதும் அடங்கிவிட வேண்டியவை. ஆனால் அடுத்த அறையிலிருந்து ஓர் இருமல் கேட்டாலும் எழுந்து ஓடவேண்டும் என்று உறக்கத்திலும் காதைத் தீட்டி வைத்திருப்பவருக்கு, அபாயம் நீங்கிற்று என்ற செய்தி நாளில் ஒரு முறையாவது கிடைக்கிறதா என்பதே கேள்வி.

தாமதமாய் ஆறிய காயம்

அபாயம் நீங்கிற்று என்ற அச்செய்தி கிடைக்காவிட்டால் என்ன நேரும் என்பதை ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் மிக எளிய பரிசோதனை ஒன்றால் காட்டி, 1995-இல் லான்செட் சஞ்சிகையில் பிரசுரித்தார்கள். ஞாபகமறதி நோயுற்ற உறவினரைப் பார்த்துக்கொண்டிருந்த 13 பெண்களுக்கும், வயதிலும் வருமானத்திலும் அவர்களை ஒத்த வேறு 13 பெண்களுக்கும், முன்கையில் மூன்றரை மில்லிமீட்டர் அளவில் சிறு காயம் செய்து, அது ஆறும் வரை கவனித்தார்கள். பணிவிடை செய்துவந்த பெண்களுக்குக் காயம் ஆறச் சராசரியாக 9 நாட்கள் கூடுதலாயிற்று. மனச்சுமை வெறும் எண்ணமாக நின்றுவிடாமல், தோலின் மீது தெரியும் அளவுக்கு வேலை செய்கிறது. நோயெதிர்ப்பை அடக்கும் கார்ட்டிசால் என்ற சுரப்புநீர் நெடுநாள் மிகுந்திருப்பதும் இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

முதலில் உறக்கம்

மற்ற எதையும்விட உறக்கத்தையே நான் முதலில் வைப்பேன். படுக்கைப் புண் வராதிருக்க நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று வைத்தியர்கள் சொல்லும்போது, அதைத் தனியொருவர் இரவு முழுதும் செய்தால், வளர்ந்தவர்களுக்கு வேண்டிய 7 மணி நேர உறக்கம் துண்டு துண்டாகிவிடும் என்பதை அவ்வீட்டார் உட்கார்ந்து யோசிக்கவேண்டும். முன்னிரவை ஒருவரும் பின்னிரவை மற்றொருவரும் ஏற்றுக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் நான்கைந்து மணி நேரமாவது இடையறாத உறக்கம் கிடைக்கச் செய்வதும், காற்றுப் படுக்கை வாங்கினால் புரட்டும் இடைவெளியை நீட்டலாமா என்று வைத்தியரிடம் கேட்டறிவதும், பகலில் நோயாளி கண்ணயரும் வேளையில் பாத்திரம் துலக்கப் போகாமல் தாமும் அரைமணி சாய்ந்துகொள்வதும் நடைமுறையில் கைகூடக் கூடியவை. காப்பியின் ஊக்கப் பொருளில் பாதி ஏறக்குறைய ஐந்து மணி நேரத்துக்குப் பின்னும் உடலில் தங்கியிருப்பதால், காப்பியை மதியத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

உணவும் தம் மாத்திரையும்

நோயாளிக்குக் குழைய வடித்த சோற்றில் மீந்ததை அடுப்படியில் நின்றபடியே விழுங்கிவிட்டுத் திரும்புவது பணிவிடை செய்வோரின் வழக்கமாகிவிடுகிறது. ஒரு வேளையாவது உட்கார்ந்து, காய்கறியும் பருப்புமாய் உண்ணட்டும். நோயாளியின் மாத்திரைகளை மணி தவறாமல் எடுத்துக் கொடுப்பவர்கள் தங்களுடைய இரத்த அழுத்த மாத்திரையை மறந்துவிடுவதும் உண்டு. இரண்டு டப்பாக்களையும் ஒரே அலமாரித் தட்டில் அருகருகே வைத்தால் இந்த அபாயம் பெரும்பாலும் நீங்கும்.

நடையும் மூச்சும்

வாரத்துக்கு 150 நிமிஷமாவது சுறுசுறுப்பாக நடப்பது போன்ற உழைப்பு வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதை ஒரே வீச்சில் செய்யவேண்டுமென்பதில்லை, மொட்டை மாடியில் காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிஷம் நடந்தாலும் கணக்கில் சேரும். வெளியே போகவே முடியாத நாளில், படுக்கையருகே நாற்காலியில் அமர்ந்தபடியே, உள்ளே இழுப்பதைவிட வெளியே விடும் சுவாசத்தை நீட்டி, நிமிஷத்துக்கு ஆறு மூச்சாகச் சிறிது நேரம் விட்டுவந்தால், மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கிவரும் வேகஸ் என்னும் நரம்பு தூண்டப்பட்டு, நாடித்துடிப்பு தணியும்.

உதவி

இரண்டு வாரத்துக்கு மேல் துக்கம் விலகாமல், எதிலும் விருப்பமின்றி, பசியும் உறக்கமும் கெட்டிருந்தால், களைப்பு என்று தள்ளிவிடாமல் வைத்தியரைப் பார்க்கவேண்டும். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். வெளியூரிலிருந்து தொலைபேசியில் விசாரித்துப் பணமும் அனுப்பிவரும் மகன், வருஷத்தில் இரண்டு முறையேனும் ஒரு வாரம் வந்து தங்கி, தகப்பனாரின் படுக்கையருகே இரவில் தாமே படுத்துக்கொண்டு, தங்கையை அவள் விரும்பும் இடத்துக்கு அனுப்பிவைக்கட்டும். அவள் புறப்படுவதற்கு முன் ஒரு நாள் கூடவே இருந்து, புரட்டும் விதத்தையும் கஞ்சியின் பதத்தையும் மருந்து வேளைகளையும் அவளிடமே கற்றுக்கொண்டால், போன இடத்தில் அவளால் கவலையின்றி உறங்க முடியும்.