எங்கள யாரு கேட்டா? - வேல்ஸ், தேவிகுளம், போடிமெட்டு

போடியில் விடியுமுன்பே ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. கொள்ளாத அளவுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு முந்தல் வழியாக மலையேறி, போடிமெட்டு சோதனைச்சாவடியைத் தாண்டி, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிடுகின்றன. பொழுது சாய்ந்தால் அதே வழியில் இறக்கம். இந்தப் பெண்களுக்கு ஓட்டு தமிழ்நாட்டில், கூலி கேரளத்தில்.

டீக்கடையில் நண்பர்களோடு வேல்ஸ் நாட்டுத் தன்னாட்சி பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "அங்க மூணு தடவ ஜனங்களக் கேட்டிருக்காங்க" என்றேன். காயெடுத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றிருந்த ஓர் அக்கா சட்டென்று கேட்டார்: "எங்கள யாரு தம்பி கேட்டா?" அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை.

1

முதலில் வேல்ஸ். பதினாறாம் நூற்றாண்டிலேயே சட்டத்தின் மூலம் இங்கிலாந்தோடு கரைக்கப்பட்ட நாடு அது. லிவர்பூல் நகரத்தின் தண்ணீர்த் தேவைக்காக, வெல்ஷ் பேசும் காப்பல் கெலின் என்ற கிராமத்தை மூழ்கடிக்க 1957-இல் லண்டன் பாராளுமன்றம் சட்டம் செய்தது. வேல்ஸ் உறுப்பினர்களில் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை, சட்டம் நிறைவேறியது. 1965-இல் கிராமம் தண்ணீருக்குள் போனது. எண்ணிக்கையில் சிறியவர்களுக்குப் பாராளுமன்றப் பிரதிநிதித்துவம் எதைக் காப்பாற்றும், எதைக் காப்பாற்றாது என்பதை வேல்ஸ் அப்போது புரிந்துகொண்டது.

ஆனாலும் 1979 மார்ச் 1 அன்று தனிச் சட்டமன்றம் வேண்டுமா என்று கேட்டபோது ஐந்தில் நான்கு பேர் வேண்டாம் என்றார்கள். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1997 செப்டம்பர் 18 அன்று, கிட்டத்தட்ட அதே கேள்வி மறுபடி வந்தது. வேண்டும் என்றவர்கள் 50.3 சதவீதம், வித்தியாசம் 6,721 வாக்கு மட்டுமே. 1999-இல் கூடிய அந்த மன்றத்துக்கு முழுச் சட்டமியற்றும் உரிமை கிடையாது. 2011 வாக்கெடுப்பில் 63.5 சதவீதத்தினர் ஒப்புதல் தந்த பிறகே, பகிர்ந்தளிக்கப்பட்ட துறைகளில் லண்டனைக் கேளாமல் சட்டம் செய்யும் உரிமை வந்தது.

இதைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. கேள்வியை எழுதுகிறவன் கையில்தான் பாதி விடை இருக்கிறது. லண்டன் பகிர்ந்து கொடுத்த அதிகாரத்தை லண்டன் மீறவும் முடியும்: 2020-இல் உள்நாட்டுச் சந்தைச் சட்டத்துக்கு வேல்ஸ் மன்றம் ஒப்புதல் மறுத்தது, சட்டம் நிறைவேறியது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 1979-இன் 'வேண்டாம்' இறுதித் தீர்ப்பாக உறைந்துபோகவில்லை. கேள்வி உயிரோடு இருந்தது.

2

இங்கே என்ன நடந்தது? 1953 டிசம்பரில் பசல் அலி தலைமையில், குன்சுருவும் கே.எம். பணிக்கரும் உறுப்பினர்களாக, மாநிலச் சீரமைப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. தென் திருவிதாங்கூர்த் தமிழர்கள் நேசமணி தலைமையில் போராடிக்கொண்டிருந்தார்கள். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவையும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் இந்தப் பக்கம் வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் அந்தப் பக்கமே நின்றன.

தேவிகுளத்தில் தமிழ் பேசுவோரே பெரும்பான்மை என்பது ஆணையத்துக்குத் தெரியும். ஆனால் அவர்களில் பெரும்பகுதி தோட்ட வேலைக்கு வந்த கூலிகள், நிலையான குடிகள் அல்லர் என்பது ஒரு வாதம். மலையின் வளம் திருவிதாங்கூர்-கொச்சிக்குத் தேவை என்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெரியும்: மலைக்கு மதிப்பு உண்டு, அதைத் தோட்டமாக்கிய உழைப்புக்கு முகவரி இல்லை.

மக்களைக் கேட்க வேண்டும் என்று அரசியல் சட்டமும் சொல்லவில்லை. மூன்றாம் பிரிவின்படி எல்லையைத் திருத்தும் உரிமை பாராளுமன்றத்தினுடையது. மாநிலச் சட்டமன்றத்தின் கருத்து கேட்கப்படும், அது கட்டுப்படுத்தாது. 2014-இல் தெலங்கானா மசோதாவை ஆந்திரச் சட்டமன்றம் நிராகரித்தது; மாநிலம் பிரிந்தது. 2019-இல் ஜம்மு-காஷ்மீரைப் பிரித்தபோது அங்கே சட்டமன்றமே இல்லை. ஆனால் கேட்க முடியாது என்பதல்ல. 1967 ஜனவரி 16 அன்று, மகாராஷ்டிரத்தோடு இணைவதா என்று கோவா மக்களிடம் கேட்டார்கள். வேண்டாம் என்றவர்கள் 34,021 வாக்கு அதிகம். கோவா இணைக்கப்படவில்லை.

3

கேட்பது என்றால் யாரை? 1997-இல் வேல்ஸில் குடியிருந்த ஆங்கிலேயருக்கு ஓட்டு இருந்தது. லண்டனில் குடியிருந்த வெல்ஷ்காரருக்கு இல்லை. இரத்தம் அல்ல, வசிப்பிடமே அளவுகோல். இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டால், கங்காணி கூட்டிப்போய், தலைமுறை தலைமுறையாக லயத்து வீடுகளில் பிறந்து செத்தவர்கள் குடிகள்தாம். ஆனால் ஜீப்பில் போகும் அக்காவுக்கு இதுவும் போதாது. அவர் வசிப்பது ஓரிடம், பிழைப்பு வேறிடம். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சனை வெடித்தபோது, இரண்டு அரசுகளுக்கும் பேச வழக்கறிஞர்கள் இருந்தார்கள். எல்லை அடைபட்டு வேலையிழந்த ஏலத்தோட்டக் கூலிகளுக்குப் பேச எந்த மன்றம் இருந்தது?

மாநில சுயாட்சி பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். 1969-இல் ராஜமன்னார் குழு, 1971-இல் அதன் அறிக்கை, 1974-இல் சட்டமன்றத் தீர்மானம், 2025-இல் குரியன் ஜோசப் தலைமையில் மற்றொரு குழு. தேவையான பேச்சுத்தான், நான் அதற்கு எதிரியல்ல. ஆனால் டில்லியிலிருந்து சென்னைக்கு இறங்கும் அதிகாரம் சென்னையிலேயே உட்கார்ந்துகொள்கிறது. 73-ஆம் திருத்தம் ஊராட்சிகளுக்கென்று 29 துறைகளைப் பட்டியலிட்டது. எதைக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதை மாநிலத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. டில்லியிடம் நாம் கேட்பதை நம்மிடம் ஊராட்சி கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்.

2015 செப்டம்பரில் மூணாறு சாலையில் தமிழ்ப் பெண்கள் உட்கார்ந்தார்கள். 'பொம்பிளை ஒருமை' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். எல்லையை மாற்று என்று அவர்கள் கேட்கவில்லை; போனஸும் கூலியும் கேட்டார்கள். கூடவே, தங்கள் சார்பில் பேசிவந்த தொழிற்சங்கத் தலைவர்களை அப்பால் போகச் சொன்னார்கள். சுயாட்சி என்ற சொல்லுக்கு நான் அறிந்த நல்ல விளக்கம் அந்தச் சாலையில்தான் கிடைத்தது.

1956-இன் கோட்டை அழித்து எழுத வேண்டும் என்பதல்ல என் வாதம். அந்தக் கோட்டைத் தமிழ்ப் பெருமையின் இழப்புக் கணக்காக மட்டும் நாம் நினைவுகூர்ந்து வருகிறோம். அதில் விடுபட்டுப்போவது, கோட்டைத் தினமும் இரண்டு முறை கடக்கிறவர்களின் கூலி, வண்டி, வைத்தியம், பிள்ளைகளின் படிப்பு. இவற்றைப் பற்றி இரண்டு அரசுகளும் அவர்களையே உட்காரவைத்துக் கேட்கும் ஓர் அவையை நம்மால் கோர முடியாதா? டீக்கடையில் அந்த அக்காவுக்கு நான் பதில் சொல்லவில்லை. விடிந்தால் ஜீப்பு வந்துவிடும் என்று அவர் கிளம்பிப் போய்விட்டார்.