ஓட்டில் எழுதிய ஓட்டு!

இங்கிலீஷ் அகராதி என்றாலே உங்களுக்குப் பரீட்சை ஞாபகம் வருகிறதா? பயப்படாதீர்கள். அதற்குள்ளே ஒரு தேர்தலே நடக்கிறது. வேட்பாளர் உண்டு, வாக்கெடுப்பு உண்டு, தில்லுமுல்லு உண்டு. பதவி போன பிறகும் போகாத பட்டப் பெயர்களும் உண்டு!

முதலில் வேட்பாளரைப் பார்ப்போம். தேர்தலில் நிற்பவர் 'காண்டிடேட்'. லத்தீன் மொழியில் அதற்கு 'வெள்ளை உடுத்தவர்' என்று பொருள். பழைய ரோமாபுரியில் பதவி தேடுகிறவர், தம் அங்கியைச் சுண்ணக்கட்டியால் பளிச்சென்று வெளுப்பாக்கிக்கொண்டு பொது இடத்துக்கு வருவார். போவோர் வருவோரிடமெல்லாம் ஆதரவு கேட்பார். வெளுத்ததெல்லாம் பால் என்று அந்த ஊர் ஜனங்கள் நம்பினார்களோ என்னவோ! இப்படி ஆதரவு தேடிச் சுற்றி வருவதைக் குறித்த லத்தீன் சொல்தான் பின்னால் 'ஆம்பிஷன்' ஆயிற்று. சுற்றச் சுற்ற ஆசை வளரும் போலிருக்கிறது.

கிரேக்க நாட்டு ஆதென்ஸ் நகரத்தார் இன்னும் சூட்சுமக்காரர்கள். ஒருவரைப் பதவியில் வைக்க மட்டுமல்ல, ஊரை விட்டு அனுப்பவும் வாக்கெடுப்பு வைத்தார்கள்! யாருடைய செல்வாக்காவது மிதமிஞ்சிப் போய்விட்டது என்று தோன்றினால், உடைந்த பானை ஓட்டில் அவர் பெயரைக் கீறிப் போடுவார்கள். குறைந்தது 6,000 ஓடுகள் விழ வேண்டும். அகப்பட்டவர் பத்து வருஷம் ஊர்ப்பக்கம் தலைகாட்டக் கூடாது. ஓட்டுக்குக் கிரேக்கத்தில் 'ஆஸ்ட்ரகான்' என்று பெயர். ஒருவரை ஒதுக்கி வைப்பதை இங்கிலீஷில் 'ஆஸ்ட்ரஸைஸ்' என்பது அதனால்தான். நம் தமிழில் சொன்னால் இன்னும் சுருக்கம்: ஓட்டிலே எழுதி, ஓட்டுப் போட்டு, ஓட்டினார்கள்!

இதில் மாட்டிக்கொண்டவர்களில் ஒருவர், நேர்மைக்குப் பேர்போன அரிஸ்டைடீஸ். அவரைப் பற்றிப் புளூடார்க் ஒரு கதை சொல்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவன், ஆள் யாரென்று அறியாமல் அவரிடமே ஓட்டை நீட்டி, 'அரிஸ்டைடீஸ்' என்று எழுதித் தரச் சொன்னானாம். அவர் உனக்கு என்ன தீங்கு செய்தார் என்று கேட்டதற்கு, தீங்கு ஒன்றுமில்லை, எங்கே போனாலும் அவரை நேர்மையாளர், நேர்மையாளர் என்கிறார்களே, அதுதான் சகிக்கவில்லை என்றானாம். அவர் பேசாமல் எழுதிக் கொடுத்துவிட்டார். கி.மு. 482-ல் ஊரை விட்டும் போனார். பாரசீகப் படை வந்தபோது, இரண்டே வருஷத்தில் அதே ஊரார் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்!

கதை அமெரிக்காவிலும் தொடர்கிறது. 1776-ல் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட பெரியவர் எல்பிரிட்ஜ் கெர்ரி. ஆனால் உலகம் நினைவில் வைத்திருப்பது, 1812-ல் மாஸசூஸெட்ஸ் கவர்னராக அவர் போட்ட வேறொரு கையெழுத்தை! அவர் கட்சிக்குச் சாதகமாகத் தொகுதி எல்லைகளை மாற்றிய சட்டம் அது. ஒரு தொகுதி வளைந்து நெளிந்து, பல்லியைப் போன்ற 'ஸாலமாண்டர்' என்ற பிராணி வடிவத்தில் இருந்தது. பாஸ்டன் நகரப் பத்திரிகை ஒன்று அதற்குச் சிறகும் நகமும் வைத்துக் கேலிச் சித்திரம் போட்டு, 'ஜெர்ரிமாண்டர்' என்று நாமகரணமும் செய்துவிட்டது. மேல்சபையில் 40 இடங்களில் 29 அவர் கட்சிக்கு வந்தன. ஆனால் கெர்ரி கவர்னர் பதவியை இழந்தார். பிறகு உபஜனாதிபதியாகி, 1814-ல் காலமானார். தொகுதி எல்லைத் தகராறு வந்தால் அமெரிக்காவில் இன்றைக்கும் அந்தச் சொல்தான். அதிலும் ஒரு வேடிக்கை: அவர் பெயரின் 'கெ' சத்தம்கூட 'ஜெ' ஆகிவிட்டது!

1820-ல் அமெரிக்கக் காங்கிரஸில், மிஸௌரியில் அடிமை முறை இருக்கலாமா என்று காரசாரமான விவாதம். வாக்கெடுப்பு நடத்துங்கள் என்று எல்லாரும் கத்த, பீலிக்ஸ் வாக்கர் என்ற அங்கத்தினர் மட்டும் எழுந்து நின்றார். தம் தொகுதியான 'பங்கம்' ஜில்லாவுக்காகப் பேசியே தீருவேன் என்றார். அன்று முதல் அர்த்தமில்லாத பேச்சுக்கே 'பங்கம்' என்று பெயர். மனித சுதந்திரத்தைப் பற்றிய விவாதத்தில் வெட்டிப் பேச்சு! சபைக்குத்தான் எவ்வளவு பங்கம்!

பார்த்தீர்களா? பிரசங்கங்கள் மறந்துவிடுகின்றன; ஜனங்கள் வைத்த பெயர் நிலைக்கிறது. நம் மொழியிலோ 'வாக்கு' என்றால் வோட்டும்தான், கொடுத்த சொல்லும்தான். வாங்கிய வாக்கை ஒரே நாளில் எண்ணி முடித்துவிடலாம். கொடுத்த வாக்கை ஜனங்கள் எண்ணிக்கொண்டே இருப்பார்கள்!